காப்பைக் கழற்ற வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த முறை ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன்.

பள்ளிக்கு நகை அணிந்து வரக் கூடாது என்பது நம் விதி. அதை எழுதியது நான்தான். போன மாதம் ஒரு காலையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கையில் சங்கிலியைப் பார்த்த ஆசிரியர், "கழற்றிப் பையில் வை" என்றிருக்கிறார். விதிப்படி அவர் செய்தது சரி. பையனும் மறுபேச்சில்லாமல் கழற்றி வைத்துவிட்டான். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அவனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்து, கால் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறான். ஏதோ போதை என்று நினைத்துப் பலரும் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். கடைசியில் ஓர் அம்மா, வீட்டு எண்ணைத் தேடி அவன் பையைத் திறந்தபோதுதான் அடியில் கிடந்த சங்கிலி கிடைத்தது. 'டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின்' என்று அதில் பொறித்திருந்தது. அவனுக்கு விழுங்க முடிந்ததால், பையிலேயே இருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

பையன் நலமாக இருக்கிறான். அவனுடைய பெற்றோரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே வரும் திங்கள் முதல், மருத்துவ அடையாளக் காப்பு, சங்கிலி, டாலர் எதுவும் நகைக் கணக்கில் வராது. வாசலிலோ வகுப்பிலோ விளையாட்டு மைதானத்திலோ அதைக் கழற்றச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. விளையாடும்போது இடிக்கும் என்றால் மேலே துணிப்பட்டை சுற்றிக்கொள்ளலாம்.

"அலுவலகத்தில்தான் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோமே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், எங்கள் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பதிவேடு அலமாரியில் இருக்கும், பிள்ளை பேருந்தில் இருப்பான். உங்களையும் என்னையும் அறியாத ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காப்பு அவருக்காகத்தான்.

இந்த வழக்கம் பரவியதன் பின்னாலும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். 1953இல் கலிஃபோர்னியாவின் டர்லாக் நகரில் லிண்டா காலின்ஸ் என்ற சிறுமிக்கு விரலில் வெட்டுக்காயம். டெட்டனஸ் எதிர்மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கொஞ்சமே கொஞ்சம் செலுத்தினார்கள். அந்தத் துளிக்கே உடல் கொந்தளித்து உயிர் போகும் நிலைக்குப் போய்விட்டாள். அவள் தந்தையே மருத்துவர். அவள் பிழைத்தாள். ஆனால் அடுத்த முறை அடிபடும்போது பக்கத்தில் நாம் இல்லாவிட்டால் என்ற பயம் பெற்றோரை விடவில்லை. முதலில் காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள், அப்புறம் வெள்ளிக் காப்பில் பொறித்துப் போட்டார்கள். 1956இல் அந்தக் குடும்பம் தொடங்கியதுதான், இத்தகைய காப்புகளை வழங்கும் மெடிக்அலர்ட் அமைப்பு.

யாருக்கு இது தேவை? இன்சுலின் போடும் பிள்ளைகள், வலிப்பு உள்ளவர்கள், பென்சிலினோ வேர்க்கடலையோ தேனீக் கொட்டோ உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆனால் பார்த்தவுடன் பிடிபடாத சில நிலைகளுக்குத்தான் இது இன்னும் அவசியம் என்பேன். ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், உள்ள பிள்ளை தலையில் இடித்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத பிள்ளைக்குக் கடும் வாந்தியோ காய்ச்சலோ வந்தால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டியிருக்கும். முன்பின் பார்க்காத மருத்துவருக்கு அது எப்படித் தோன்றும்? பேச வராத பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போகலாம். லேசான தூசி அலர்ஜி, அடிக்கடி சளி என்பதற்கெல்லாம் வேண்டாம். எல்லோர் கையிலும் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரையே கேளுங்கள்.

என்ன பொறிப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இடம் விரலகலம்தான். பெயர், நோய், கொடுக்கவே கூடாத அல்லது கட்டாயம் கொடுக்க வேண்டிய மருந்து, கூப்பிட்டால் உடனே எடுக்கும் ஒரு தொலைபேசி எண். இவ்வளவு போதும். மருந்தின் அளவைப் பொறிக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். ரத்தப் பிரிவுக்காகவும் இடத்தை வீணாக்க வேண்டாம். ரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் எப்படியும் தாங்களே சோதித்துத்தான் ஏற்றுவார்கள். வீட்டில் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்து வேண்டாம், நோயின் பெயரை முழுதாக எழுதுங்கள். பெயரும் எண்ணும் உட்பக்கம் இருக்கட்டும். வழியில் போகும் எவரும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. வெளிப்பக்கம் பாம்பு சுற்றிய கோல் சின்னம் இருந்தால் இது வெறும் அலங்காரம் அல்ல என்று உதவிக்கு வருபவருக்குத் தெரியும். க்யூ.ஆர். குறி போட்டவையும் வருகின்றன. கூடுதலாக இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். படிக்கப் போனும் வேண்டும், அதில் சார்ஜும் இணையமும் வேண்டும்.

மணிக்கட்டுதான் நல்ல இடம், நாடி பார்க்கும்போதே கண்ணில் படும். கழுத்துச் சங்கிலி எதிலாவது மாட்டி இறுக்கலாம், ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு அரிப்பைத் தரும். அவர்களுக்கு டைட்டானியமோ சிலிக்கோன் பட்டையோ ஒத்துவரும்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு மேல் வேறொரு தொல்லை உண்டு: வெட்கம். "எல்லாரும் கேக்குறாங்க" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அதட்டிப் பயனில்லை. நிறத்தையும் வடிவத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வரிப் பதிலையும் சேர்ந்தே யோசித்து வையுங்கள். கேலி செய்யும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். மயங்கிய பிள்ளையின் மணிக்கட்டையும் மறக்காமல் பார்ப்பது, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் இருப்பது, வலிப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு பக்கவாட்டில் படுக்க வைப்பது, 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பது, கடும் ஒவ்வாமைக்கு பேனா வடிவ அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் போடுவது எல்லாம் அதில் உண்டு.

இத்துடன் உள்ள படிவத்தில் காப்பில் பொறித்திருப்பதை அப்படியே எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தொலைபேசி எண்ணோ மருந்தோ மாறினால் காப்பையும் மாற்றுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். இன்னும் வாங்காதவர்கள் அதுவரை, தண்ணீர் படாதபடி லேமினேட் செய்த சிறு அட்டையில் இதே விவரங்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினால் போதும். பையின் அடியில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்