வித்யாவுக்கு, வண்டி விஷயமாக

அன்பு வித்யா,

நீ வண்டியை விற்கப் போவது ராணி அத்தை மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விளம்பரத்தையும் அவனே அனுப்பி வைத்தான். போன தடவை அவ்வளவு நேரம் பேசினோம், நிலாவின் சளி, என் முழங்கால் எல்லாம் பேசினோம், இதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. சரி, அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்காது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆற அமரப் படி.

முதல் காரியமாக விளம்பரத்திலிருந்து "அவசர விற்பனை" என்பதை எடுத்துவிடு. இத்தனை வருஷம் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், வாங்க வருகிறவன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பான். அவசரம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவன் சொல்வதுதான் விலை. "கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க" என்று போனிலேயே கேட்பார்கள். வண்டியைப் பார்க்காதவரிடம் விலை பேசாதே. நேரில் வந்து பாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல். அதே மாடல், அதே வருஷம், ஏறக்குறைய அதே தூரம் ஓடிய வண்டிகளுக்கு மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து வை. கேட்கிற விலை வேறு, படிகிற விலை வேறு என்பதையும் மனதில் வை. இதற்குக் கீழே தர மாட்டேன் என்று ஒரு தொகையைத் தீர்மானித்துக்கொள். அதை யாரிடமும் சொல்லாதே, எங்களிடம்கூட.

உண்மையிலேயே அவசரம் என்றால் நீயே விற்க வேண்டாம் கண்ணு, டீலரிடம் கொடுத்துவிடு. அவன் லாபம் வைத்துத்தான் எடுப்பான், குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் உன் வாசலுக்கு வர மாட்டார்கள், காகித வேலையிலும் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பணம்தான் அவசரம் என்றால் அதற்கு வண்டியை விற்கவே வேண்டியதில்லை. எங்கள் வைப்புத் தொகை சும்மாதான் கிடக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

படங்களை நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, கிலோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டை ஒரு படம் எடு. பின் கதவில், மாப்பிள்ளை அன்றைக்குத் தூணில் இழைத்த கீறலை ஒளிக்காதே, கிட்டே போய் எடுத்துப் போடு. குறையை நீயே முதலில் காட்டிவிட்டால் அதை வைத்து விலையைக் குறைக்கிறவன் வாயடைத்துப் போவான். படத்தில் பின்னால் தெரிகிற இடம் உங்கள் குடியிருப்பு மாதிரி இல்லை. வெளிச்சத்துக்காக வேறு எங்கேயாவது நிறுத்தி எடுத்திருப்பாய். நல்லதுதான், வீடு தெரியாமல் இருப்பது பாதுகாப்பு. பின் சீட்டில் நிலாவின் இருக்கை இல்லை, அது அழுத்தின தடம் மட்டும் சீட்டில் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயரைப் பற்றி ஒன்று. பக்கவாட்டில் எழுத்துகளுக்குக் கடைசியில் 4 இலக்கம் தனியாக அச்சாகியிருக்கும். 3221 என்றால் 2021-இல் 32-ஆவது வாரம் செய்த டயர். விவரம் தெரிந்தவர்கள் குனிந்து இதைத்தான் படிப்பார்கள். டயர் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மி.மீ. உயரம். மேற்புறம் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். நீயே பார்த்து வைத்துக்கொண்டால், வருகிறவன் "நாலு டயரும் மாத்தணும்" என்று அளக்கும்போது நின்று பதில் சொல்லலாம். பார்க்க வருகிற அன்று முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைக்காதே. காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று நினைப்பார்கள், பானட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அதற்காகத்தான் தொடுகிறார்கள். எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிந்தால் அழித்துவிட்டுக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அழித்த கொஞ்ச நேரத்தில் பழுது கண்டுபிடிக்கிற கருவியை வண்டியில் சொருகிப் பார்த்தால், வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

சர்வீஸ் ரசீது ஒவ்வொன்றையும் நீ தேதி வாரியாகக் கோத்து வைத்திருப்பாய், அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே உன் மேஜை அப்படித்தான். அந்தக் கோப்பு ஒன்றே உன் வண்டிக்குப் பாதி சிபாரிசு. வண்டி வாங்கும்போதும் நீ எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை, கடனைத் தவணைக்கு முன்னாலேயே அடைத்தாய். அப்பா அதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவ்வளவு சாமர்த்தியமான பெண், விற்கிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடன் அடைந்தாலும், பதிவில் கடன் கொடுத்தவர் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார். பணம் கட்டிய கையோடு அது தானாக நீங்கிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமானது. பணம் உன் கணக்கில் ஏறின பிறகுதான் சாவி. போனில் காட்டுகிற படம் பணம் இல்லை. குறுஞ்செய்தி பணம் இல்லை. காசோலை வங்கியில் வரவு காட்டினால்கூட அது நிலைத்த பணம் இல்லை, சில நாள் கழித்துத் திரும்பிவிட்டால் வங்கி உன் கணக்கிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கேட்ட விலையைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை வண்டி எடுக்க வருகிறவரிடம் கொடுங்கள் என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன்தான், யோசிக்கவே வேண்டாம். வண்டியைப் பார்க்காமலே சம்மதிக்கிறவனும் அப்படித்தான். நீயே உன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்து, இல்லையென்றால் வங்கியிலேயே போய் உட்கார்ந்து, வந்துவிட்டது என்று உறுதியான பிறகு கொடு.

பார்க்க வருகிறவர்களைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வரச் சொல். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள். வேறொருவர் ஓட்டினால் உன் காப்பீடு செல்லுமா என்று முன்னாலேயே கேட்டு வை. நீ பக்கத்தில் உட்காராமல் வண்டி நகரக் கூடாது. இடம் மாறி உட்காரும்போது என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கு. இரண்டு பேராக வந்தால் இன்னும் கவனம். ஒருவன் உன்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்ப் பேச்சுக் கொடுப்பான், மற்றவன் பானட்டுக்குள் கை விட்டுக் குளிர்விப்பு நீர்த் தொட்டியில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிவிடுவான். அப்புறம் மூடியைத் திறந்து உனக்கே காட்டி, "என்ஜின் போச்சு, பாதி விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்று கையைப் பிசைவான். பானட் திறந்திருக்கும்போது நீ அதன் முன்னாலேயே நில். மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொள். அவருக்கு வேலை இருந்தால் உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணை, யாரையாவது. விளம்பரத்தில் உன் எண் மட்டும்தான் இருக்கிறது. தனியாக மட்டும் நிற்காதே.

காகிதம். வண்டி உங்கள் இரண்டு பேர் பெயரிலும்தானே இருக்கிறது? அப்படி என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அங்கே சட்டம் எப்படி என்று பதிவு அலுவலகத்தில் நீயே கேட்டுவிடு, தரகர் சொல்வதை நம்பாதே. விளம்பரத்தில் ஒரே உரிமையாளர் என்று போட்டிருக்கிறாய். உன் பெயருக்கே மாற்றியாகிவிட்டதோ என்னவோ. அதைக் கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேனா என்று நீ நினைப்பாய். வண்டிக்காகவும்தான் எழுதினேன் வித்யா.

பெயர் மாற்றத்தை வாங்கினவன் பார்த்துக்கொள்வான் என்று மட்டும் விட்டுவிடாதே. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வருவார். ரொம்ப நாள் முன்னால் விற்ற வண்டி, கைக்காசு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவர். வாங்கினவன் பெயரை மாற்றவில்லை. வண்டி எங்கேயோ யாரையோ இடித்துவிட்டது. பதிவில் இருப்பது இவர் பெயர், அதனால் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு. வண்டியை விற்றதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஆகவே இரண்டு பிரதி எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கு. தேதி போதாது, மணி நிமிஷமும் போடு. அன்றைக்குச் சாயங்காலம் அவன் சிக்னலைத் தாண்டிப் போனால் அபராதம் யாருக்கு என்பதை அந்த நிமிஷம்தான் சொல்லும். விற்றதை நீயே அலுவலகத்துக்குத் தெரிவித்து, ரசீதை வைத்துக்கொள். அது நடக்கும்வரை காப்பீட்டை நிறுத்தாதே. சேசிஸ் எண் 17 எழுத்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரி பார். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாக இருப்பது பூஜ்யம்தான்.

வண்டியின் திரையில் உன் போன் எண்கள் எல்லாம் ஏறியிருக்கும், அழித்துவிடு. போனில் இருக்கிற வண்டிச் செயலியிலிருந்தும் வண்டியை நீக்கு. மாப்பிள்ளை போனிலும் அது இருந்தால் அதிலும் நீக்கச் சொல், வண்டி எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்க முடியும். விற்கிற நாள்வரைக்கும் அது அப்படித்தான் இருக்கும், அதையும் யோசித்துக்கொள். வழிகாட்டியில் வீடு என்று ஒரு முகவரி சேமித்து வைத்திருப்பாய். எந்த வீடாக இருந்தாலும் அழித்துவிடு.

நிலாவின் இருக்கையை வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே, அதை வேறு எதிலாவது பொருத்த வேண்டி வரும். அடியிலோ முதுகுப் பக்கமோ காலாவதித் தேதி அச்சாகியிருக்கலாம், பார். இரண்டாவது சாவியும் உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து முன்னாலேயே வாங்கி வை.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். மாடி அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன், ஜன்னல் கொக்கியையும் சரி செய்தாகிவிட்டது. நீயும் நிலாவும் எப்போது வந்தாலும் தங்கலாம், எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன்.

எதற்கு விற்கிறாய் என்று நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன். ஆனால் இரண்டை மட்டும் உடனே எழுது. பதிவில் இப்போது யார் யார் பெயர் இருக்கிறது? பார்க்க வருகிற அன்று உன்னோடு நிற்கப் போவது யார்? யாரும் இல்லை என்றால் தேதியைச் சொல், நான் வருகிறேன். பணம் ஏறாமல் சாவியைக் கொடுத்துவிடாதே.

அம்மா