தானே புயல் நாடகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

டிசம்பர் 30 மாலை, தேவனாம்பட்டினத்தில் நம் நாடகம் நல்லபடியாக நடந்து முடிந்தது. அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். மேடையைப் பிரித்து, வாடகைச் சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி மஞ்சக்குப்பம் மருந்துக்கடை அண்ணனுக்கு. அவர் நாடகக்காரர் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கும் பழக்கத்தில் என் எண் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் ஓர் இரவு, "தானே புயலைப் பற்றி நாடகம் போடப்போகிறோம், மேளம், வெளிச்சம், கூத்து தெரிந்தவர்கள் பேசுங்கள்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். 24 மணி நேரத்தில் மறைந்துபோகிற செய்தி. நெருங்கிய நண்பர்கள் எல்லாரும் பார்த்தார்கள், வாழ்த்தினார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஆட்கள்தான் எனக்கும் தெரிந்த ஆட்கள். புதிதாக யாரும் கிடைக்கவில்லை. அண்ணன்தான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பண்ருட்டிப் பக்கம் இருக்கிற தன் சொந்த ஊர்க் குழுவில் போட்டார். மறுநாள் காலையிலேயே கூத்து வாத்தியாரின் பேரன் போன் செய்துவிட்டான்.

வாத்தியாருக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் ஒத்திகையில், இணையத்திலிருந்து எடுத்த புயல் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். "இது காத்து இல்லப்பா, மிஷின் சத்தம்" என்றார். பையிலிருந்து சின்ன நாயனம் மாதிரியான முகவீணையை எடுத்துச் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் கீழிருந்து மேலே இழுத்து ஊதினார். ஒரே மூச்சு. கூடவே பேரன் மிருதங்கத்தின் இடப்பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் தேய்த்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய காற்றை அன்று வீட்டுக்குள் ஒடுங்கிக் கேட்டவன் நான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இந்தக் குழு எப்படிச் சேர்ந்தது என்று பலர் கேட்டார்கள். நாங்கள் நாலு பேர் கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்றாக நாடகம் போடுகிறவர்கள். மற்ற ஒன்பது பேரும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த இன்னொருவர். புதுச்சேரியில் சமூகவியல் படிக்கும் தங்கை, முள்ளோடை தாண்டி வரும்போது பேருந்தில் இதைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். வேலை தேடுகிறவர்களுக்கு நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் அதிகம் கிடைக்கிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973-ல் எழுதினாராம். பிரயன் உஸ்ஸி, ஜாரெட் ஸ்பைரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், நியூயார்க்கின் பிராட்வேயில் 1945 முதல் 1989 வரை வந்த இசை நாடகங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கலைஞர்களுக்குள் தொடர்பு மிகக் குறைவாக இருந்த காலத்திலும் சரி, எல்லாரும் எல்லாரோடும் பின்னிக்கிடந்த காலத்திலும் சரி, நாடகங்கள் அவ்வளவாக எடுபடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தபோதுதான் நன்றாக ஓடின. நாங்கள் நாலு பேர் மட்டும் போட்டிருந்தால் அந்த ஸ்பீக்கர் சத்தத்தோடுதான் மேடை ஏறியிருப்போம். அதை இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

புயலில் மரங்கள் சாய்ந்துபோன குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்பிலிருந்து பாட்டியின் குரலைப் பதிவு செய்து அனுப்பிய அக்காவுக்கு நன்றி. அவரை இன்ஸ்டாகிராமில் மட்டும்தான் தெரியும். 52 வினாடி. "விடிஞ்சு பார்த்தா வானம் தெரியுது தம்பி. எங்க தோப்புக்குள்ள நின்னா என்னைக்கு வானம் தெரிஞ்சிருக்கு?" நாடகம் இந்தக் குரலோடுதான் தொடங்கியது. நான் எழுதி வைத்திருந்த தொடக்கக் காட்சியை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

நவம்பரில் குழு உடையப் பார்த்தது உங்களுக்கே தெரியும். மேடையில் மரம் வேண்டுமா வேண்டாமா என்று இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்த பேச்சு. ஒருவர் "சரி" என்று ஒற்றைச் சொல் போட, அதைக் கோபம் என்று இன்னொருவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் குழுவைவிட்டே வெளியேறினார்கள். லைட்டிங் அக்காதான், "இதை டைப் பண்ணித் தீர்க்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சில்வர் பீச்சுக்கு வாங்க" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். அரியாங்குப்பத்துத் தம்பி, தான் செய்த மரத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். சாய்ந்து கிடக்கும் முந்திரி. அடிமரத்துக்குச் சாக்கு, வேருக்குக் கிழிந்த மீன்வலையும் தேங்காய்நாரும். வேர் இடுக்கில் நிஜமான செம்மண்ணை அப்பியிருந்தான். அதைப் பார்த்தபிறகு மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா, நீங்கள் அன்று போன் செய்திராவிட்டால் அந்த மரத்தை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

தருவதாகச் சொன்ன மண்டபம் இரண்டு நாள் முன்பு கைவிரித்துவிட்டது. மைதானம் கொடுத்த தேவனாம்பட்டினம் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட மைக் செட் அண்ணனுக்கும், தூறலில் நனைந்தபடி நாற்காலி போட்ட பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

நாடகம் முடிந்ததும் குறிஞ்சிப்பாடிப் பாட்டி மேடைக்கு வந்து அந்த மீன்வலை வேரைத் தொட்டுப் பார்த்தார். "பக்கவேரு இன்னும் நீளமா ஓடும்" என்றார். தம்பி, அடுத்த முறைக்கு நீட்டிவிடு. மரம் என் வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறது.

வீடியோவாக அனுப்பினால் தெளிவு போய்விடுகிறது, அதனால் பதிவை டாக்குமென்ட்டாகப் பொங்கலுக்குள் அனுப்புகிறேன். வாத்தியாருக்கு மட்டும் நேரில் போய்ப் போட்டுக் காட்டப் போகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் நாடகக்காரன்