பஞ்ச் ரூமில் இருந்தவள் எழுதுகிறேன்

அன்புள்ள மகனுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கொண்டுவந்த புது மென்பொருள் ஓட ஆரம்பித்த பிறகும் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒத்துழைக்க மனசே இல்லை என்று அலுத்துக்கொண்டாய். அவர்களுக்கு மனசில்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குள் வந்த காலத்திலிருந்தே இந்தப் புகார் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் நீ இருக்கும் பக்கத்தில்தான் இருந்தார்கள். நான் இருந்தது மற்ற பக்கம், பஞ்ச் ரூமில். தாளில் இருப்பதைக் கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டையில் துளையாக அடித்துக் கொடுக்கும் அறை அது.

ஒரு கம்பெனியின் அன்றாடக் கணக்கை முதன்முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் யார் தெரியுமா? லண்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரியும் நடத்திய ஜே. லயன்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் உருவாகப் பணம் கொடுத்து உதவினார்கள். அதையே மாதிரியாக வைத்து லியோ என்று தங்களுக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கு அதில் ஓட ஆரம்பித்தது. பின்னால் சம்பளக் கணக்கும் ஏறியது. ஓர் ஊழியரின் சம்பளத்தைப் போட அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு 8 நிமிடம் பிடிக்கும், லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும் என்பார்கள். அந்த ஒன்றரை விநாடியைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய 20 வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸ் 1923இல் லயன்ஸில் சேர்ந்தார். யார் எந்தத் தாளைப் பார்க்கிறார், எதை எங்கே எழுதுகிறார், ஏன் எழுதுகிறார் என்று ஆராய்வதற்கென்றே 1930களில் அங்கே ஒரு பிரிவு இருந்தது. லியோவுக்கான வேலைகளை வடிவமைத்த டேவிட் காமினரும் அலுவலக நடைமுறைகளை ஆராயும் பக்கத்திலிருந்து போனவர்தான். அதாவது, இயந்திரம் வருவதற்கு முன்பே வேலையைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நிரல் எழுதவும் தங்கள் ஊழியர்களையே பயிற்சியில் உட்காரவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1952இல் அப்படித் தேறி வந்தவர் மேரி கூம்ப்ஸ். அவர் படித்தது பிரெஞ்சு. வணிகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சி ரொம்பக் கடுமையாம், பலர் தேறவில்லை. லயன்ஸ் ஒன்றும் தர்ம சத்திரம் நடத்தவில்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது தேநீர்க் கடை ஆர்டர் விஷயம். ஒவ்வொரு கடையின் மேலாளரும், பெரும்பாலும் பெண்கள், மறுநாளைக்கு என்னென்ன வேண்டும் என்று தினமும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. லியோ வந்த பிறகு, கிழமைவாரியாக வழக்கமான ஆர்டரை ஒரு தடவை பதிந்து வைத்துக்கொண்டார்கள். குறித்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் கடைக்குப் போன் போடுவார். மேலாளர் அன்றைக்கு என்ன மாற்றம் என்பதை மட்டும் சொல்வார். கேட்டுக்கொண்டே இந்தப் பக்கம் இருப்பவர் கார்டில் பஞ்ச் செய்துவிடுவார். கடையில் இருப்பவருக்குக் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. அவருக்கு எழுத்து வேலை குறைந்தது, அவ்வளவுதான். உன் மென்பொருள் வந்த பிறகு கணக்குப் பிரிவுக்கு ஒரு வேலையாவது குறைந்ததா? இதற்குப் பதில் தெரியாமல் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது பஞ்ச் ரூம். ஒரு கார்டில் 80 பத்தி, பத்திக்கு ஓர் எழுத்து அல்லது எண். ஒருத்தி தாளைப் பார்த்து அடிப்பாள். அப்புறம் அதே தாளையும் அதே கார்டுகளையும் வெரிஃபையரில், அதாவது சரிபார்க்கும் இயந்திரத்தில், உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தி வாங்கி, திரும்ப முழுவதும் அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கு எரியும், இயந்திரம் நின்றுவிடும். மறுபடியும் சேராவிட்டால் அந்தப் பத்திக்கு மேலே ஒரு வெட்டு விழும். ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கூலி கொடுத்துச் செய்ய வைத்தார்கள் என்றால், மனிதக் கை தவறும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த முறையையே அமைத்தார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு அந்த இரண்டாவது ஆளை நீக்கிவிட்டீர்கள். தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் கணக்குப் பிரிவின் நோட்டு அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பஞ்ச் அடிப்பவளுக்கு வேகம் விரலில் இல்லை, தாளில் இருக்கிறது. பெயர், எண், தேதி, தொகை என்று தாளில் இருக்கும் வரிசையும் கார்டில் இருக்கும் வரிசையும் ஒன்றாக இருந்தால் கண் நேராக ஓடும். தாளை வடிவமைத்தவர் தேதியை ஒரு மூலையிலும் தொகையை அடியிலும் வைத்திருந்தால், கார்டுக்குக் கார்டு கண் தாவ வேண்டும். பொழுது சாயும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும், பிழையும் ஏறும். ஆனால் மணிக்கு எத்தனை கார்டு, எத்தனை பிழை என்ற கணக்கு அடித்தவள் பெயரில்தான் விழும். தாளை வரைந்தவர் பெயரில் ஒரு பிழைகூட விழுந்து நான் பார்த்ததில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான், ஆனால் அது முழுக் கதை இல்லை. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர் துறை கம்ப்யூட்டர் வந்த அலுவலகங்களைப் போய்ப் பார்த்தது. கூட்டமாக வெளியே அனுப்பியது குறைவு. விலகிப் போனவர் இடத்தில் புதிதாக ஆள் எடுக்கவில்லை, இருந்தவர்களை வேறு மேசைக்கு மாற்றினார்கள். ஆட்கள் உள்ளேதான் இருந்தார்கள், ஆனால் மதிப்பு மாறிவிட்டது. எந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று பேரேட்டைப் பார்த்தவுடன் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரே நாளில் திரையில் எந்தப் பட்டன் என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற நிலைக்கு வந்துவிடுகிறார். அதுவும் எல்லார் முன்னாலும். இதை எதிர்ப்பு என்று எழுதிவைத்தால் உனக்கு வசதி. எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

சம்பளத்திலும் இதே கதைதான். பிரிட்டிஷ் அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1955இல் ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் இயக்கும் பெண்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. அந்தப் பணியில் ஒப்பிட்டுப் பார்க்க ஆண்களே இல்லையே என்றார்கள்! 1962இல் ஸ்டெஃபனி ஷர்லி, குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதும் வேலை கொடுக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். தன் பெயரில் கடிதம் போட்டால் பதில் வரவில்லை என்று "ஸ்டீவ்" என்று கையெழுத்துப் போட்டார். 1966இல் கேனன், பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1,378 நிரலாளர்களை ஆராய்ந்து, இவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் ஆர்வம் இல்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு பல கம்பெனிகள் அப்படிப்பட்ட ஆட்களாகவே தேடி எடுத்தன. மனிதர்களைப் பிடிக்காதவர்களைத் தேடிப் பிடித்து, மனிதர்கள் வேலை செய்யும் முறையை மாற்றச் சொன்ன கூத்து அது. நீ அந்த ரகம் இல்லை. உன்னை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ஈனிட் மம்ஃபோர்ட் என்று ஒரு சமூகவியலாளர் இருந்தார். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கே உணவுக்கூடத்தில் வேலைக்குப் போனவர். பிற்பாடு அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தபோது, அதை உபயோகிக்கப் போகிற குமாஸ்தாக்களே உட்கார்ந்து வடிவமைக்கட்டும் என்று நடத்திக் காட்டினார். அவ்வளவு தூரம் உன்னால் போக முடியாது, உனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த பிரிவில் ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். மாதக் கடைசியில் மாற்றாதே. கொஞ்ச நாளைக்குப் பழைய முறையும் கூடவே ஓடட்டும், லயன்ஸும் சம்பளக் கணக்கை அப்படித்தான் மாற்றியது.

அப்புறம், பயிற்சி வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றாயே. வாடகை இயந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் எங்களை ராத்திரி ஷிப்டுக்குப் போட்டவர்களும் இதே மாதிரிதான் நேரம் குறித்தார்கள். வகுப்பைக் காலை பத்து மணிக்கு மாற்று. சம்மதிக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் உன் மேலதிகாரியிடம் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா