வயர் உரித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மின்கழிவு பிரிப்பவர்களைப் பற்றிய எங்கள் தொடுதிரைக் கண்காட்சி கிளிநொச்சியில் இரண்டு நாளும் நல்லபடி முடிந்தது. கைகொடுத்தவர்களின் வீடுவீடாகப் போனால் தேத்தண்ணி குடித்தே பொழுது போய்விடும். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, பரந்தன் பக்கம் பழைய இரும்பு எடுக்கும் அண்ணைக்கு. கண்காட்சிக்கென்று நாங்கள் முதலில் செய்த தொடுதிரை விளையாட்டில் கானாவின் அக்பொக்புளோசியில் வயர் எரிக்கும் பொடியன்களின் படங்களும் சோக இசையும்தான் இருந்தன. அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, எங்களைப் பார்த்து இரங்கிறதுக்குக் கன பேர் இருக்கினம். ஒருக்கா வயர் உரிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ" என்றார். அதோடு எல்லாவற்றையும் மாற்றினோம்.

மேசையில் வயர், மொட்டைக் கத்தி, பக்கத்தில் தராசு. உரித்த செம்பின் நிறை திரையில் ஏறும், நேரமும் ஓடும். பத்து நிமிடம் மினக்கெட்டாலும் ஒரு தேத்தண்ணிக் காசு தேறாது. அந்த நேரம் பார்த்து ‘எரி’ என்றொரு பொத்தான் வரும். தொட்டால் செம்பு உடனே கிடைக்கும். ஆனால் திரையைப் புகை மூடும், ஹெட்போனில் அண்ணையின் இருமல் கேட்கும் (அவரே பதிந்து தந்தது). வயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு வரும் என்று பாடமாக்கிய உயர்தர மாணவர்களும் ‘எரி’யைத்தான் தொட்டார்கள். நானும்தான்.

முதல்நாள் காலை வாடகைத் திரை செத்துப்போனது. போன் திருத்தும் தம்பி ஓடிவந்து கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டி உயிர்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த ஈயம் உருக்கும் புகையைத் தினமும் குடிக்கும் அவரும் எங்கள் விளையாட்டுக்குள் வந்திருக்கவேண்டும், பிந்தித்தான் உறைத்தது.

பிறகு, பேரனோடு வந்த அம்மா. கத்தியால் நீளத்துக்கு ஒரு கீறு, நுனியைக் காலால் மிதித்து ஒரே இழுவை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டோம். "2009க்குப் பிறகு, மீள்குடியேறி வந்த மூட்டம்" என்றார். பழைய இரும்பு பொறுக்கி, வெடிக்காத ஷெல்லுக்குப் பயந்து பயந்து வயிறு கழுவிய காலம் அது. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி தொன், அதில் முறைப்படி மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 வீதம் என்ற ஐ.நா. கணக்கைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தோம். சனம் முழுக்க அம்மாவைச் சுற்றித்தான் நின்றது.

மண்டபம் திறந்துவிட்ட ஐயாவுக்கும், சாமான் ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணைக்கும் நன்றி.

சேர்ந்த செம்பு முழுவதையும் பரந்தன் அண்ணையிடமே கொடுத்தோம். நிறுத்துப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு சனம், ரெண்டு நாள், இவ்வளவுதானா?"

அன்புடன்,
கண்காட்சிப் பொடியள் சார்பில்