கடைக்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் நிகழ்ச்சி, தீபாவளித் தள்ளுபடி, தீப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மேல்மாடிக் கூரைக் கசிவு பற்றிக் கட்டட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம்.

அப்புறம், புதிய வழிகாட்டிப் பலகை. செலவு அதிகம் என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய கடைத்தொகுதிகளில் பெரும்பாலும் முழுக் கட்டடத்துக்கும் ஒரே உரிமையாளர். எந்தக் கடை வரலாம் என்பதை அவரே முடிவு செய்கிறார். அதனால் தெம்பனிஸில் பார்த்த கடைகளையே ஜூரோங்கிலும் பார்க்கிறோம். நம்முடையது ஸ்ட்ராட்டா கட்டடம், கடைக்குக் கடை உரிமையாளர் வேறு. குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரும் இப்படித்தான். விளையாட்டுக் காலணி என்றால் இன்றும் அங்கேதான் போகிறார்கள். நம் கட்டடத்தில் பேட்மிண்டன் மட்டைக்கு நரம்பு கட்டுபவர், இழுவை 24 பவுண்டா 26 பவுண்டா என்பதை ஆடுபவரின் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். மசாலாக் கடையில் மீனா, கோழியா, குருமாவா என்று கேட்டுத்தான் தூள் கலப்பார்கள். ரவிக்கை தைக்கும் அக்கா, கோப்பையில் பெயர் பொறிப்பவர், சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர் என்று எத்தனை பேர்! ஆனால் கீழ்த்தளத்துக்கு வருபவருக்கு மாடியில் இவர்கள் இருப்பதே தெரியாது. பழைய பலகையில் நிறுவனப் பெயர் மட்டும் இருந்தது. புதியதில் எந்தக் கடையில் என்ன வேலை நடக்கும் என்று நான்கு மொழிகளிலும் போட்டிருக்கிறோம். ஸிப் மாற்ற வந்த ஒரு பெண்மணி, பலகையைப் பார்த்துவிட்டு மறுநாள் மாமனாரின் கடிகாரத்தையும் எடுத்து வந்தார். செலவுக்கு இதுதான் என் பதில்.

விவரம் கேட்டு ஒவ்வொரு கடைக்கும் ஏறி இறங்கினேன். பதில் தராத கடைகளுக்குக் கடை எண் மட்டும் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்தவர்களின் கடைகளையும் பலகையில் சேர்த்திருக்கிறோம். பலகையில் ஒரு கடை விட்டுப்போனால் சிரமப்படுவது வாடிக்கையாளர்தான்.

பொதுக்கூட்டம், போதிய உறுப்பினர்கள் வராததால், கோரம் இல்லாமல் தள்ளிப்போனது. கட்டடம் முழுவதையும் சேர்த்து விற்கும் ஒட்டுமொத்த விற்பனை என்ற பேச்சு வந்த அன்று மட்டும் நாற்காலி போதவில்லை. பத்து ஆண்டு கடந்த கட்டடத்தை விற்க, ஒவ்வொரு கடைக்கும் ஒதுக்கிய பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டு உரிமையாளர்களின் சம்மதம் போதும். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை. நம்மில் பலர் வாடகைக்காரர்கள். நமக்காகப் பேச இந்தச் சங்கத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

கணக்கு பொருளாளரிடம் உள்ளது. பலகையைத் தவிர்த்தால் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்துவிட்டன, பலகையால் கையிருப்பு குறைந்திருக்கிறது. பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடானதிலிருந்து அச்சுச் செலவும் கூடிவிட்டது. தலைவருக்கும் செயற்குழுவுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேல்மாடிக்கும் ஒரு பலகை வைக்க ஆசை. இப்போதுள்ள கையிருப்பில் அது முடியாது. பொறுப்பை இளையவர் யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வராவிட்டால் நானே தொடர்கிறேன். பாக்கிச் சந்தாவை மாத முடிவுக்குள் பொருளாளரின் கடையில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் மூலமும் அனுப்பலாம்.

செயலாளர்