ஃபீஸ், அரியர், மனசு: எங்கே போய்க் கேட்பது?

நேற்று ராத்திரி ஜூனியர் தம்பி ஒருவன் கையில் காசில்லை, படிப்பையே விட்டுவிடுகிறேன் என்றான், அதனால்தான் இது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆபீஸில் யார் அதைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், 'நாளைக்கு வா' என்றால் நாளைக்கும் போய் நில்லுங்கள். அப்புறம், தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416: இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ராகிங் என்றால் புகார் சொல்லும் உதவி எண் 1800-180-5522. அரியரை மறைக்காமல் வகுப்பு ட்யூட்டரிடம் சொல்லுங்கள், திட்டுவார்தான், ஆனால் வழியும் சொல்வார். தனியாகப் போகக் கூச்சமா? எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், கூட வருகிறேன்.