சீனி டப்பா

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலிதான் இன்னும் குறையவில்லை.

பேத்தியின் தமிழ் வகுப்பைப் பற்றிப் போனில் சொன்னாயே, இரவெல்லாம் அதே நினைப்பு. 'சுகர்' என்பதற்கு அவள் சீனி என்று எழுதினாளாம். தப்பு என்று அடித்து, சர்க்கரை என்று திருத்தினார்களாம். நீயும் சரி என்று இருந்துவிட்டாய். அப்படி விட்டுவிடாதே.

நம் காரைக்குடிப் பக்கம் காப்பிக்குப் போடுவது சீனி. கவுனி அரிசி இனிப்புக்கும் சீனிதான். சர்க்கரை என்றால் பழுப்பாக, பொடியாக இருக்குமே, அது. வெல்லம் போட்ட பொங்கலுக்கு ஏன் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் எனச் சின்ன வயதில் கேட்டாய், காரணம் இதுதான். மாவில் கிண்டும் இனிப்பான கும்மாயத்துக்குக் கருப்பட்டியும் வெல்லமும். அதில் சீனியைப் போட்டிருந்தால் உன் அப்பத்தா சட்டியையே தொட்டிருக்க மாட்டார்.

1984இல், கல்யாணமான புதிதில், சென்னையில் இருந்தோம். பொங்கலன்று அடுப்பில் பானையை ஏற்றிய பிறகு கடைக்கு ஓடி ஒரு கிலோ சர்க்கரை கேட்டேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று சீனி! பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "இது அஸ்காவாச்சே" என்றார். ஒடிசாவில் அஸ்கா என்ற ஊரின் சீனி ஆலையால் வந்த பெயராம். அதற்குள் அரிசி குழைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே போட்டு இறக்கினோம். முதல் பொங்கல் இப்படியா என்று ஆத்தா அழுதேவிட்டாள்.

சீனி என்பது சீனத்தை ஒட்டி வந்த சொல். சர்க்கரையும் வடமொழியிலிருந்து வந்ததுதான். சர்க்கரா என்றால் பொடிக்கல். அதுவே அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பாவுக்குப் போய் சுகர் ஆயிற்று. ரேஷன் கடையிலும் செய்தித்தாளிலும் வெள்ளைச் சீனியைச் சர்க்கரை என்றுதான் எழுதுகிறார்கள், அதையும் அவள் படிக்கட்டும். ஆனால் சீனி எப்படித் தப்பாகும்? வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருந்தால் கேட்கச் சொல், அவர்கள் வீட்டிலும் சீனிதான்.

சுகர் என்றால் இங்கே இப்போது நோய் மட்டும்தான். போன வாரம் கல்யாண வீட்டில் கவுனி அரிசி பரிமாறிய பையன், "ஐயாவுக்குச் சுகரா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அரைக் கரண்டியோடு நகர்ந்துவிட்டான். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன், கவலைப்படாதே.

பார்சலில் கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் வைத்திருக்கிறேன். டப்பாக்களில் போட்டு, பேத்தி கையாலேயே பெயர் எழுதி ஒட்டச் சொல். சீனி டப்பாவின் மேல் சீனி என்றே எழுதட்டும்.

அன்புடன்,
அப்பச்சி